ரெட்மி ஏ4 5ஜி: ஜியோ சிம் என்றால் வாங்கலாம், ஏர்டெல் சிம் என்றால் வேண்டாம்

பத்தாயிரம் ரூபாய்க்குள் 5ஜி போன் என்று தேடினால் முதலில் கண்ணில் படுகிறவற்றில் ஒன்று ரெட்மி ஏ4 5ஜி. 2024 நவம்பர் 20 அன்று இந்தியாவில் அறிமுகமானது. அறிமுக விலை 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்புக்கு 8,499 ரூபாய். 128 ஜிபி சேமிப்புக்கு 9,499 ரூபாய். கொடுக்கிற காசுக்கு போனில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர: ஏர்டெல் தந்துவரும் மொபைல் 5ஜி இதில் எடுக்காது. செட்டிங்கை மாற்றினாலும் எடுக்காது, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனாலும் எடுக்காது. இது பழுது இல்லை. உள்ளே இருக்கும் ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப்பைச் சுற்றி போனை வடிவமைத்த விதமே அப்படி.

5ஜி இரண்டு விதமாக வருகிறது. ஜியோ தருவது ஸ்டாண்ட்அலோன், சுருக்கமாக எஸ்ஏ. டவரும் 5ஜி, பின்னால் இருக்கும் கோர் நெட்வொர்க்கும் 5ஜி. போன் 4ஜியைத் தொடவே வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஏர்டெல் தொடங்கியது நான்-ஸ்டாண்ட்அலோன், அதாவது என்எஸ்ஏ. இதில் போன் முதலில் 4ஜி டவரோடு இணைந்து, அந்தப் பிடியை விடாமலேயே 5ஜி அலைவரிசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோ ஓட வேண்டும். ரெட்மி ஏ4 எஸ்ஏ மட்டுமே தெரிந்த போன். 2024 டிசம்பரில் 7,999 ரூபாய்க்கு வந்த போக்கோ சி75 5ஜியிலும் இதே சிப், இதே கட்டுப்பாடு.

என்எஸ்ஏவை ஏன் விட்டார்கள் என்று கேட்டால், பதில் காசு. இரண்டு ரேடியோவும் ஒன்றாக ஓட தனித்தனி பவர் ஆம்ப்ளிஃபையர், கூடுதல் ஃபில்டர், அதற்கேற்ற ஆன்டெனா அமைப்பு எல்லாம் வேண்டும். எடுத்துக்காட்டாக 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜியை, அதாவது பேண்ட் 3 என்ற அலைவரிசைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போன் டவருக்கு அனுப்பும் அலைவரிசை 1710 முதல் 1785 மெகாஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 3420 முதல் 3570. 5ஜியின் என்78 பேண்ட் ஓடுவது சரியாக அந்தப் பகுதியில்தான். போன் 4ஜியில் பேசும்போது கிளம்பும் இரட்டிப்பு அலை, அதே போனின் 5ஜி காதை அடைத்துவிடும். அதைத் தடுக்க நல்ல ஃபில்டர் போட வேண்டும், ஒவ்வொரு 4ஜி-5ஜி ஜோடிக்கும் தனியாகச் சோதனை செய்ய வேண்டும். எஸ்ஏவில் இந்தச் சள்ளை எதுவும் கிடையாது. எட்டாயிரம் ரூபாய் போனில் இப்படிக் கைவைத்தால்தான் விலை கட்டுப்படியாகும்.

ஏர்டெல் மொபைல் 5ஜி எஸ்ஏவுக்கு மாறினால் இந்த போன் வேலை செய்யுமா என்றால், ரேடியோ அளவில் தடையில்லை; என்78 இதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் 5ஜியையும் போன் தயாரிப்பாளர் தன் மென்பொருளில் திறந்துவிட வேண்டும். 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது 5ஜி ஐபோன் வைத்திருந்தவர்கள்கூட டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை இங்கே 4ஜியில்தான் ஓட்டினார்கள். எட்டாயிரம் ரூபாய் போனுக்கு அப்படியொரு அப்டேட் வரும் என்று நம்பி இன்று பணத்தைப் போடாதீர்கள். ரகசிய கோடு அடித்தால் ஏர்டெல் 5ஜி வந்துவிடும் என்று சுற்றுகிற வீடியோக்களையும் தள்ளிவிடுங்கள். இல்லாத ரேடியோவை எந்தக் கோடும் உண்டாக்காது.

இனி வேகம். இந்த சிப்பின் உச்ச பதிவிறக்க வேகம் 1 ஜிபிபிஎஸ். ஒரு படி மேலே இருக்கும் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2இல் அது 2.5 ஜிபிபிஎஸ். இதைப் பார்த்து இரண்டரை மடங்கு வேகம் என்று கடையில் சொல்வார்கள். உண்மையில் அந்த வித்தியாசம் கைக்கு வராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்: என்78இல் ஜியோவிடம் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் குறைந்தது 100 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. அந்த 100ஐ இரண்டு ஆன்டெனா வழியாக, 256 க்யூஏஎம் என்ற நெருக்கமான தரவு முறையில், நேரத்தில் முக்கால் பங்கு பதிவிறக்கத்துக்கு என்று வைத்தால் அதிகபட்சம் 870 எம்பிபிஎஸ் போலத்தான் வரும். அதுவும் டவருக்கு நேர் எதிரே, பக்கத்தில் வேறு யாரும் நெட் ஓட்டாதபோது. நான்கு ஆன்டெனா இருந்தால்தான் அது இரட்டிப்பாகும். ஆகவே இந்த விலையில் சிப்பின் உச்ச வேகத்தைப் பார்ப்பது வீண். எத்தனை பேண்ட், எந்த வகை 5ஜி, என்78இல் எத்தனை ஆன்டெனா என்பதுதான் கேட்க வேண்டியது.

அதைவிட முக்கியம், உங்கள் வீட்டுக்குள் எந்த பேண்ட் வருகிறது என்பது. ஜியோ 2022 ஏலத்தில் என்78உடன் 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டையும் வாங்கியது. அதுதான் என்28. என்78 வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே துவண்டுவிடும். என்28 தூரம் போகும், சுவரும் தாண்டும். ஆனால் ஜியோவிடம் அதில் இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் மட்டும். அந்த அகலத்தில் இரண்டு ஆன்டெனாவுக்கு ஏட்டளவு உச்சமே ஏறக்குறைய 110 எம்பிபிஎஸ். நாலு பேர் பங்குபோட்டால் 20, 30க்கு இறங்கும். மாடியில் 500 காட்டிய போன் படுக்கையறையில் 25 காட்டினால் போனைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே என்78 நழுவி என்28 பிடித்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயலரில் *#*#4636#*#* அடித்து, போன் இன்ஃபர்மேஷனுக்குள் போங்கள். டேட்டா நெட்வொர்க் டைப் என்ற இடத்தில் எஸ்ஏவில் இருந்தால் என்ஆர் (5ஜியின் தொழில்நுட்பப் பெயர்) என்று காட்டும். என்எஸ்ஏ போன்களில் 5ஜி ஓடும்போதும் அந்த இடத்தில் எல்டிஇ, அதாவது 4ஜி என்றே இருக்கும். பிடிமானம் 4ஜி என்பதால் அது சரிதான், பயப்பட வேண்டாம். சிக்னல் வரியில் எஸ்எஸ்-ஆர்எஸ்ஆர்பி எண், அதாவது சிக்னலின் பலம், மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் அருமை, மைனஸ் 95 பரவாயில்லை, மைனஸ் 110ஐத் தாண்டிப் போனால் எந்த போனும் திணறும். இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தரமான எஸ்எஸ்-சைனர் 20க்கு மேல் இருக்க வேண்டும்; பூஜ்யத்துக்குக் கீழே போனால் கட்டம் முழுசாகக் காட்டினாலும் நெட் நகராது, ஏனென்றால் பக்கத்து டவர்களின் இரைச்சல் சிக்னலை மூடியிருக்கிறது. பேண்ட் தெரிய ஏதாவது ஒரு நெட்வொர்க் மானிட்டர் ஆப் போட்டு போன் பிடித்திருக்கும் அலைவரிசையைக் குறிக்கும் என்ஆர்-ஏஆர்எஃப்சிஎன் எண்ணைப் பாருங்கள். 15 அல்லது 16இல் தொடங்கும் ஆறிலக்க எண் என்றால் என்28. 62, 63, 64 என்று தொடங்கினால் என்78. கடையில் வாங்குவதற்கு முன், அதே சிம்மை நண்பரின் 5ஜி போனில் போட்டு, நீங்கள் அதிகம் உட்காரும் இடத்தில் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. எந்த சிப் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

எஸ்ஏ போனில் ஒரு நேர்மை உண்டு, சொல்லியாக வேண்டும். மேலே 5ஜி என்று காட்டினால் அது 5ஜிதான். என்எஸ்ஏவில், 4ஜி டவர் தன்னிடம் 5ஜி துணை உண்டு என்று அறிவித்தாலே பல போன்கள் 5ஜி குறியை ஏற்றிவிடும். டேட்டா முழுக்க 4ஜியில் ஓடிக்கொண்டிருக்கும். ஏர்டெல்லில் 5ஜி காட்டுது, வேகம் 12தான் வருது என்ற புலம்பலில் பாதி இதுதான்.

எஸ்ஏவுக்கும் பலவீனம் உண்டு, அது அப்லோடில். என்78இன் ஓரத்தில் நிற்கும்போது டவரின் குரல் போனுக்குக் கேட்கும், போனின் குரல் டவருக்குப் போய்ச் சேராது. பதிவிறக்கம் 80 காட்டும், அப்லோடு 1க்குக் கீழே கிடக்கும், வாட்ஸ்அப் வீடியோ காலில் எதிரில் இருப்பவர் தெளிவாகத் தெரிவார், நீங்கள்தான் அவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவீர்கள். என்எஸ்ஏ போன் அந்த நேரத்தில் அப்லோடை 4ஜி பக்கம் தள்ளித் தப்பித்துக்கொள்ளும். ரெட்மி ஏ4இல் இப்படி நடந்தால் செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதிக்குள் போய் ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்பை 4ஜிக்கு மாற்றிப் பேசிவிட்டு, பிறகு திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். 4636 திரையில் என்ஆர் ஒன்லி என்றும் ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொடாதீர்கள். 5ஜி விட்டுப்போகிற இடத்தில் போன் 4ஜிக்கு இறங்காமல் சிக்னலே இல்லாமல் நிற்கும், வருகிற அழைப்பும் வராது.

ஜியோ சிம் போட்டும் 5ஜி காட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரீசார்ஜ். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு வரம்பில்லாத 5ஜி, தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான திட்டங்களுக்குத்தான். 1.5 ஜிபி திட்டம் போட்டு ஓட்டுகிறவர்கள்தான் இந்த விலை போனை அதிகம் வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை. திட்டம் சரியாக இருந்தால் ப்ரிஃபர் 5ஜி தேர்வாகி இருக்கிறதா, டேட்டா ஜியோ சிம்மில்தான் இருக்கிறதா, சிஸ்டம் அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், குறித்து வைத்துக்கொள்ளவும். பழைய ஜியோ 4ஜி சிம்மே போதும், மாற்ற வேண்டியதில்லை.

சிப்பின் வேலைத்திறனுக்கு வருவோம். 4 நானோமீட்டரில் செய்தது. 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ் ஏ78 பெரிய கோர் இரண்டு, 1.8 கிகாஹெர்ட்ஸில் சிறிய ஏ55 கோர் ஆறு. ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2இல் பெரிய கோர்கள் 2.2 கிகாஹெர்ட்ஸ். பத்து சதவீத வித்தியாசம், வாட்ஸ்அப், யூட்யூப், யூபிஐ ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நெட் ஸ்லோ என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு இந்த சிப்பும் ராமும் செய்வது, டவர் அல்ல. 100 எம்பி ஆப் ஒன்றை 100 எம்பிபிஎஸ்ஸில் இறக்க எட்டு விநாடி. அதன்பின் இன்ஸ்டாலிங் என்று சுழல்வது போன் ஆப்பைப் பிரித்து, சரிபார்த்து, தனக்கேற்ற வடிவில் மாற்றி எழுதும் நேரம்; அங்கே 5ஜி உதவாது. செய்தித் தளங்கள் விளம்பரக் குப்பையோடு திறக்கும்போது திணறுவதும் ப்ராசஸரின் பாடுதான். இந்த இடத்தில் ரெட்மி செய்த நல்ல காரியம் வேகமான யூஎஃப்எஸ் 2.2 சேமிப்பு. இதே விலையில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு போட்டு வரும் போன்கள் ஆப் அப்டேட் ஓடும்போது கீபோர்டு திறக்கவே யோசிக்கும்; இதில் அந்த அவதி குறைவு.

ராம்தான் இடிக்கும். 4 ஜிபியில் போனின் மென்பொருளான ஹைப்பர்ஓஎஸ் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது கொஞ்சம். மேப்பை வைத்துவிட்டு போன்பேக்குப் போய்த் திரும்பினால் மேப் முதலிலிருந்து லோடாகும். சேமிப்பிலிருந்து கடன் வாங்கும் மெமரி எக்ஸ்டென்ஷன் இதற்கு மருந்தாகாது. நிஜ ராமோடு ஒப்பிட்டால் அது மிக மெதுவானது, 64 ஜிபி போனில் இடத்தையும் விழுங்கும். வாங்குவதாக இருந்தால் 128 ஜிபியே வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து ஆறே மாதத்தில் ஸ்டோரேஜ் ஃபுல் என்று வீடியோக்களை அழித்துக்கொண்டிருப்பது ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது.

மற்றதெல்லாம் விலைக்குத் தக்கபடி. 6.88 அங்குலத் திரை பெரிசு, 120 ஹெர்ட்ஸ் ஓடும், ஆனால் எச்டி பிளஸ்தான். அங்குலத்துக்கு 260 புள்ளி என்பதால் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் லேசாகப் பிசிறும். எழுத்தளவை ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும். பேட்டரி 5160 எம்ஏஎச். பெட்டியில் 33 வாட் சார்ஜர் தந்தாலும் போன் ஏற்றுக்கொள்வது 18 வாட். முழுசாக ஏற இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். பக்கவாட்டு கைரேகை, ஹெட்போன் துளை உண்டு. 50 மெகாபிக்சல் கேமரா பகலில் பரவாயில்லை, 5 மெகாபிக்சல் செல்ஃபி பெயருக்கு. இரண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த விலையில் அது தாராளம். கேமுக்காக வாங்குகிற போன் இல்லை.

ஏர்டெல் சிம்காரர்கள் என்ன வாங்கலாம்? நேரடி மாற்று ரெட்மி 14சி 5ஜி, 2025 ஜனவரியில் 9,999 ரூபாயில் தொடங்கியது. திரையும் பேட்டரி அளவும் அதேதான், சிப் மட்டும் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2. எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் எடுக்கும். அதைவிட 2025 மார்ச்சில் வந்த போக்கோ எம்7 5ஜி மேல். அதே 4 ஜென் 2 சிப், 6 ஜிபி ராம், 128 ஜிபி சேமிப்பு, அறிமுகத்தில் 9,999 ரூபாய். ரெட்மி ஏ4இன் 128 ஜிபி அறிமுக விலையோடு ஐந்நூறு ரூபாய் சேர்த்தால் கூடுதல் 2 ஜிபி ராமும் எல்லா சிம்முக்கும் 5ஜியும் கிடைக்கிறதென்றால், ஜியோகாரர்கள்கூட யோசிக்க வேண்டிய பேரம் இது.

மீடியாடெக் நிறுவனத்தின் சிப் பக்கம் போனால் சாம்சங்கின் ஏ06, எம்06, எஃப்06 மூன்று 5ஜி போன்களிலும் இருப்பது டைமென்சிட்டி 6300. பெரிய கோர்கள் ஏ76, அதாவது இரண்டு தலைமுறை பழையவை; 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டி ஈடுகட்டுகிறார்கள். 6 நானோமீட்டர். வேகத்தில் 4 ஜென் 2உக்கு அருகில் நிற்கும். இதன் பலம் மோடம்: பன்னிரண்டு 5ஜி பேண்ட், பேண்டுகளை இணைத்துப் பிடிக்கும் கேரியர் அக்ரிகேஷன். என்28, என்78 இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி ஜன்னல் ஓர சிக்னலில் வித்தியாசம் காட்டும். வீட்டில் சிக்னல் தொல்லை உள்ளவர்களுக்கு என் தேர்வு இதுதான். மோட்டோ ஜி35 5ஜியில் யூனிசாக் டி760 சிப்போடு ஃபுல் எச்டி பிளஸ் திரை. படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் கண்ணுக்கு இதம். சிப்புக்காக மட்டும் கூடுதல் செலவு செய்வதாக இருந்தால் பதினைந்தாயிரத்துக்குப் போங்கள், அங்கே டைமென்சிட்டி 7300 கிடைக்கும்: 4 நானோமீட்டர், ஏ78 கோர்கள் நான்கு. பெரிய கோர் இரண்டுக்குப் பதில் நான்கு இருக்கும் வித்தியாசம் உடனே தெரியும். இடையில் பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் என்று நிற்கிற போன்களில் பல, பத்தாயிரம் ரூபாய் சிப்பையே கேமராவும் அழகான முதுகும் சேர்த்து விற்பவை.

இரண்டு சிம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட்மி ஏ4இல் ஜியோவும் ஏர்டெல்லும் போட்டால், டேட்டாவை ஜியோவில் வைத்தால் 5ஜி, ஏர்டெல்லுக்கு மாற்றினால் 4ஜி. போன் ஹேங் ஆனது போலத் தோன்றும் இன்னொரு விஷயமும் இதில் உண்டு: இந்த விலை போன்களில் ஒரு சிம்மில் பேசும்போது மற்ற சிம்மின் நெட் நின்றுவிடும். ஏர்டெல்லில் பேசிக்கொண்டே ஜியோ டேட்டாவில் லொகேஷன் அனுப்பப் பார்த்தால் போகாது. அழைப்பின்போது டேட்டாவைத் தானாக மாற்றும் தேர்வு சிம் செட்டிங்ஸில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்களுக்கு 5ஜி பேண்ட் பட்டியல் இப்போதைக்குத் தேவையில்லை, 4ஜி பட்டியல்தான் தேவை. 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கிய அதன் உள்நாட்டு 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28லும் 2100 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 1லும் ஓடுகிறது. போனின் விவரக்குறிப்பில் என்28 என்று இருந்தால் பேண்ட் 28உம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னது 5ஜி, பின்னது 4ஜி. இரண்டும் தனித்தனி வரியில் எழுதப்பட்டிருக்கும். கிராமத்தில் பிஎஸ்என்எல்லை நம்பி இருப்பவர், நிறுவனத்தின் இணையதளத்தில் எல்டிஇ எஃப்டிடி என்ற வரியில் பி28 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த போனையும் வாங்க வேண்டும். அதே பக்கத்தில் 5ஜி வரியில் எஸ்ஏ மட்டும் இருக்கிறதா, என்எஸ்ஏவும் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பழைய போன் சந்தையில் ஏ4உம் சி75உம் இப்போது மலிவாக வருகின்றன. விளம்பரத்தில் 5ஜி என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள். உங்கள் சிம்மைப் போட்டு, 4636 அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.